கோலத்துக்கு நடுவில் அஞ்சு ஜி

சாமியே எதிரில் வந்து என்ன வரம் வேண்டும் என்று கேட்டாலும், "செத்த தள்ளி நில்லுங்க, டவர் மறைக்கு" என்று சொல்லக்கூடிய மனுஷன் எங்கள் மடவார் வளாகம் தெருவில் ஒருவர்தான் இருந்தார். பெயர் என்னவோ ஒன்று. எங்களுக்கு அவர் டவர்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரெண்டு ஜி, நாலு ஜி, அஞ்சு ஜி என்று மூன்று செல்போன்களைப் பேண்டேஜ் துணியால் சேர்த்துக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். எது எங்கே எட்டுகிறது, எது எவ்வளவு வேகம் என்று பார்த்துக்கொண்டே திரிவார். பார்க்கச் சொன்னது யாருமில்லை.

"ரெண்டு ஜி மாட்டு வண்டி, யக்கா. கான்சாபுரம் தோப்புக்குள்ளயும் போயிரும். ஆனா ஒரு படம் வந்து சேர பொழுது விடிஞ்சிரும். நாலு ஜி டவுன் பஸ்ஸு. அஞ்சு ஜி இருக்கே, அது ராசபாளையம் நாய். பாய்ச்சல்னா அம்புட்டுப் பாய்ச்சல். காம்பவுண்டத் தாண்டித்தான் வராது" என்பார் என்னிடம்.

கோயில் பிரகாரத்தில் போன்களைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து மூன்று சுற்று வந்தார். என்ன நேர்த்திக்கடனோ என்று நாலு பெண்கள் பின்னாலேயே சுற்றினார்கள். ஒரு துஷ்டி வீட்டில், அழுதுகொண்டிருந்த மகனிடம் போய், "அப்பாவ நல்ல எடத்துலதான் கெடத்தியிருக்கீங்க. நாலு பாயிண்ட் காட்டுது" என்றார்.

நல்ல டவர் கிடைக்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு எண் எழுதிவிடுவார். எங்கள் தெருவிலேயே பெரிய வட்டம் என் வாசலில், கோலத்துக்கு நட்டநடுவில் விழுந்தது. மறுநாள் என் தாமரைக் கோலத்தின் மேல் மூன்று பேர் நின்று சினிமா பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யக்கா, கோலத்தச் செத்த கெழக்க தள்ளிப் போட்டா என்ன?"

"அம்பது வருசமா போடுத எடம்லே இது. ஒன் டவரத் தள்ளி வைக்கச் சொல்லு. இனிமே ஒன் காலு என் கோலத்துல பட்டுச்சு, மூணு போனும் கெணத்துக்குள்ளதான்."

சாணித் தண்ணீர் ஊற்றி வட்டத்தை அழித்தேன். அன்றிலிருந்து என் வாசலை அவர் சாக்கடை ஓரமாகவே கடந்து போவார்.

அரசு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவள் நான். வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கிறேன் என்று காட்டவேண்டும். அந்த வருஷம் அதற்கான கடைசி நாள் வரைக்கும் முழங்கால் வீங்கிக் கிடந்தது. நடக்க ஏலவில்லை. இன்று காட்டாவிட்டால் பென்ஷன் நின்றுபோகும். போனிலேயே முகத்தைக் காட்டலாம் என்றார்கள். என்னிடம் இருப்பதோ பட்டன் போன். வேறு வழியில்லாமல் டவருக்கு ஆள் விட்டேன்.

வந்தார். வீட்டுக்குள் வைத்துப் பார்த்தார். அஞ்சு ஜி நிலைப்படியோடு நின்றுவிட்டது. அடுப்படியிலும் கொல்லையிலும் நாலு ஜி சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மணி நாலாகிவிட்டது. எந்த இடத்தில் வேலை நடக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடைசியில் நானே நாற்காலியை இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி வாசலுக்குப் போய்க் கோலத்தின் மேல் உட்கார்ந்தேன். டவர் கோலத்துக்கு வெளியே நின்று, விழுந்துவிடுவதுபோல் சாய்ந்து கையை நீட்டினார். படத்தில் என் பாதி முகம்தான் வந்தது.

"ஏறி நில்லுலே."

"நீங்க கெணத்துல போட்டுருவீங்க."

"நான் செத்துட்டேன்னு எழுதிருவான்லே! ஏறி நில்லு."

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்.

"மொறைக்காதீங்க யக்கா. கண்ணச் சிமிட்டுங்க."

"இந்த வயசுல நடுத்தெருவுல ஒக்காந்து ஒனக்குக் கண்ணச் சிமிட்டவா?"

"எனக்கு இல்ல, கவர்மெண்டுக்கு!"

சிமிட்டினேன். போன் டிங் என்றது. "யக்கா உசுரோட இருக்காவ!" என்று தெருவே கேட்கக் கூவினார். எதிர்வீட்டுக்காரி பதறிப்போய் ஓடிவந்தாள்.

இப்போது அவர் ராஜபாளையத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். அந்த ரெண்டு ஜி போனில் கூப்பிடுவார். "இங்க மாடியில அஞ்சு ஜி பிச்சுக்கிட்டுப் போவுது யக்கா. நம்ம வாசல்ல எப்படி?"

பட்டன் போனில் எனக்கு என்ன தெரியும்? "நல்லாத்தான் இருக்கு, வந்து பாரு" என்பேன்.

இன்றும் காலையில் தாமரைக் கோலம்தான் போடுகிறேன். நடுவில் மட்டும், இரண்டு கால் வைக்கிற அளவுக்கு இடம் விட்டுப் போடுகிறேன்.