மாமி வீட்டில் பிடித்த முதுகு

பாரம் தூக்கினால்தான் முதுகு பிடிக்கும் என்று நம்புகிறவர்கள் மாமி வீட்டில் புது மாப்பிள்ளையாக இருந்து பார்க்காதவர்கள். பாலமுனையில் இளந்தாரியாகத் திரிந்த காலத்தில் நெல்மூட்டை தூக்கியிருக்கிறேன், தோணி தள்ளியிருக்கிறேன். அப்போதெல்லாம் முதுகு வாய் திறக்கவில்லை. அது என்னைக் கைவிட்டது கல்முனையில், மாமி வீட்டு நிழலில், நான் கதிரையில் சும்மா இருந்த காலத்தில்தான்.

எழுபதுகளின் கடைசி. கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். அங்கே அவருக்கு ராச உபசாரம் நடக்கும் (ராசாவுக்குச் சாரனை மடித்துக் கட்டும் சுதந்திரம்கூட இல்லை என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை). மாமாவுக்கு முன்னால் நான் கதிரையில் சாய்வதில்லை, கால்மேல் கால் போடுவதில்லை, தும்மலைக்கூட விழுங்கிவிடுவேன். அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க வந்தவன்போல நிமிர்ந்தே இருந்தேன். இரவில் குறட்டை வெளியே கேட்டுவிடுமோ என்று தோளை இறுக்கிக்கொண்டு படுத்தேன்.

மாமியின் பாடு வேறு. மருமகனுக்கு முன்னால் மாமி வருவது அந்த வீட்டில் வழக்கமில்லை. நான் விறாந்தையில் இருந்தால் அவர் கதவுத் திரைக்குப் பின்னால் நிற்பார். கதை முழுவதும் என் மனைவி பரீதா மூலம்தான்.

“மகள், மருமகனுக்கு இன்னொரு துண்டு இறைச்சி போடுங்க.”

“போதும் எண்டு உம்மாட்ட சொல்லுங்க.”

ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெளிவாகக் கேட்கும். ஆனாலும் பரீதா ஒவ்வொரு வசனத்தையும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். அவள் வீட்டில் இல்லாவிட்டால் மாமி பூனையிடம் சொல்வார்: “பூன, சாப்பாடு மேசையில இரிக்கி.” நானும் பூனைக்கே நன்றி சொல்வேன்.

முதலில் இடுப்பில் ஒரு இழுப்பு. பிறகு குனிந்தால் கத்தி இறங்கியது. யாரிடமும் மூச்சு விடவில்லை. நோயை எங்கள் பக்கத்தில் வருத்தம் என்போம். ‘வருத்தக்காரனுக்கு வெள்ளைச் சட்டை போட்டு எங்கட தலையில கட்டிட்டாங்க’ என்று சந்தையில் ஒரு கதை கிளம்பினால் போதும், பாலமுனையில் என் உம்மா வாசலுக்கு வர முடியாது. அந்தப் பயத்தை மறைக்க இன்னும் நிமிர்ந்தேன். முதுகு இன்னும் இறுகியது.

ஒரு பகல், மாமா அறுவடை பார்க்கச் சவளக்கடை வயலுக்குப் போயிருந்தார். பரீதா பக்கத்து வீட்டில். என் பேனா கீழே விழுந்தது, எடுக்கக் குனிந்தேன். அவ்வளவுதான். மேலே வரவும் முடியவில்லை, கீழே போகவும் முடியவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன்.

திரைக்குப் பின்னால் காலடிச் சத்தம் வந்து நின்றது. மாமி நான் தொழுகிறேன் என்று நினைத்துவிட்டார். (முழங்காலில் கை, மடிந்த முதுகு. தொழுகையில் குனிந்து ருகூஉவில் நிற்கிறவர் வேறு எப்படித்தான் நிற்பார்?) நேரம் போனது. என் ருகூஉ முடிகிற பாடாயில்லை. கடைசியில் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“பூன, மருமகனுக்குச் சொல்லு, கிப்லா அந்தப் பக்கமில்ல. அவர் குசினி அடுப்பப் பாத்துத் தொழுறார்.”

பதில் சொன்னால் வருத்தம் வெளிவரும். சொல்லாவிட்டால் தொழத் தெரியாதவன் என்ற பெயர் வரும். வருத்தத்தைத் தெரிவு செய்தேன்.

“மாமி, நான் தொழல்ல. முதுகு புடிச்சிரிச்சி. நிமிர ஏலாம நிக்கிறன்.”

பூனையை விட்டுவிட்டு நான் அவரிடம் நேரே பேசிய முதல் வசனம் அது.

“யா அல்லாஹ்! இத முதலே சொல்லப்படாதா, மகன்?”

முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்தவர், என் தோளைப் பிடித்து மெல்லப் பாயில் சரித்தார். நான் கூரையைப் பார்த்துக் கெஞ்சினேன்.

“மாமாட்ட சொல்லாதீங்க மாமி. முந்தி எனக்கு ஒரு வருத்தமுமில்ல. எங்கட ஆக்கள் வல்லாஹி ஏமாத்தல்ல.”

மாமி தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார். உட்காரும்போது அவரும் “ஸ்ஸ்” என்று இடுப்பைப் பிடித்தார்.

“ஏமாத்துறதா? நீங்க வந்த நாளில இருந்து திரைக்குப் பின்னால நிண்டு நிண்டு என்ட நாரியும் போச்சி. நீங்க ஒருக்கா எழும்பிப் போனாத்தானே நான் இருக்கலாம்? நீங்க கதிரைய விட்டு அசையிறீங்களும் இல்ல!”

“நீங்க பின்னால நிக்கிறீங்க எண்டுதான் மாமி நான் அசையல்ல.”

அவர் முதலில் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்ததால் வலித்தது, வலித்ததால் இன்னும் சிரிப்பு வந்தது. அந்த வீட்டுக்கு வந்த பிறகு என் மூச்சு வயிறு வரை இறங்கியது அப்போதுதான். சத்தம் கேட்டு ஓடி வந்த பரீதா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“உம்மா! நீங்க அவருக்கு முன்னால...”

“அவரால ஓட ஏலாது, என்னால எழும்ப ஏலாது. நீ போய் உப்ப வறுத்துக் கட்டிட்டு வா, ஒத்தணம் குடுப்பம்.”

வயலிலிருந்து வந்த மாமா என்னைப் பாயில் கண்டார். நேரே போய் டொக்டரைக் கூட்டி வந்தார். டொக்டர் என் காலைத் தூக்கிப் பார்த்து, முதுகை அழுத்திப் பார்க்கிறார். மாமா மாடு வாங்க வந்தவர்போல எட்டி நின்று கவனிக்கிறார். என் மானம், உம்மாவின் மானம் எல்லாம் அந்த விரல் நுனியில் இருந்தது.

“எலும்பில ஒண்டுமில்ல. சதைதான் இறுகிக் கிடக்கு. என்ன பாரம் தூக்கின நீங்க?”

“ஒண்டும் தூக்கல்ல டொக்டர்.”

“தூக்கினவர்தான்,” என்றார் மாமி. “வந்த நாளில இருந்து மரியாதையத் தூக்கிட்டு நிண்டவர். ஒருக்காவும் கீழ வெக்கல்ல.”

டொக்டர் சிரித்துவிட்டு, அதுதான் வருத்தமே என்றார். மனம் இறுகினால் சதை இறுகுமாம், சதை இறுகினால் முள்ளந்தண்டு வளைய இடமிராதாம். மாலையில் கடற்கரையில் நடக்கவும், மூச்சை ஆறுதலாக இழுத்து விடவும், முக்கியமாகக் கதிரையில் சாய்ந்து இருக்கவும் சொன்னார்.

மாமா ஒரே கேள்விதான் கேட்டார். “அப்ப, ஆள் நல்லமா?”

“ஆள் நல்லம். நீங்க எல்லாருமாச் சேந்து கொஞ்சம் இளக விடுங்க.”

மாமா நீளமாக மூச்சு விட்டார். நான் வந்ததிலிருந்து வீட்டுக்குள் கழற்றாத சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாய்மனைக் கதிரையில் பொத்தென்று விழுந்தார். அவரும் தூக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அதன்பிறகு அந்த வீட்டுக்கு இன்னும் இரண்டு மருமக்கள் வந்தார்கள். முதல் நாள் சாப்பாட்டிலேயே மாமி அவர்களுக்கு எதிரே வந்து இருந்து சொல்வார்: “மகன், மரியாதைய அந்த மூலையில இறக்கி வெச்சிட்டுச் சாப்பிடுங்க. இந்த வீட்டுல அதத் தூக்கின ஒராளுக்கு நாரி போச்சி.”

வந்தவர் ஒன்றும் விளங்காமல் மற்றவர்களின் சிரிப்பைப் பார்ப்பார். பிறகு பயந்து பயந்து கதிரையில் சாய்வார். நான் அதற்கு முன்பே சாய்ந்திருப்பேன்.