மூன்றாவது ‘போயிட்டு வரேன்’

காலை எட்டு மணி ஏழு நிமிடத்துக்கு என் வீட்டுக் கதவு, என் மகளைத் திருடி என்று முடிவு செய்தது. நேரம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று கேட்டால், அந்தக் கதவே அதைக் குறித்து வைத்திருந்தது. குறித்து வைக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

அன்று ஜெனிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பொதுத்தேர்வு. பத்து மணிக்குத் தேர்வு, முகப்பேரில் பள்ளி. நாங்கள் இருப்பது நூம்பலில், இரண்டாவது மாடியில். வேலப்பன்சாவடி நெரிசலை நினைத்து எட்டே காலுக்கே கிளம்பிவிட வேண்டும் என்று ஒரு வாரமாக நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்தால் நானே எதையாவது செய்வேன். அதில் குறை கண்டுபிடிக்க, சம்பளமே வாங்காத இரண்டு பேர் இருந்தார்கள்: கணவர் சேவியர், மகள் ஜெனி. நான் செய்த, செடிக்குத் தானாகத் தண்ணீர் ஊற்றும் கருவி, அடைமழையிலும் கடமை தவறாமல் ஊற்றிக் கீழ்வீட்டுக்காரர்களின் துணிகளை நனைத்தது. சுவர்க் கடிகாரங்களை எல்லாம் கழற்றிவிட்டு, எண்களில் மணி காட்டும் பலகைகளை நானே செய்து மாட்டினேன். (கரன்ட் போய் வந்தால் அத்தனையும் பன்னிரண்டு மணி காட்டும். அது வேறு கதை.)

கடைசியாகக் கை வைத்தது வாசல் கதவில். சாவியை மறப்பதில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆள் கிடையாது. ஆகவே குரல் கேட்டுத் திறக்கும் பூட்டு. உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர், தாழ்ப்பாளை இழுக்க ஒரு மோட்டார், உள்ளே ஒரு மைக், வெளியே ஒரு மைக், பேச ஒரு ஸ்பீக்கர். மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. பழைய பூட்டைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டேன். அவ்வளவு நம்பிக்கை.

முதலில் வைத்த ஏற்பாடு எளிமையானது. ‘வரேன்’ என்றால் திறக்கும், ‘போறேன்’ என்றால் பூட்டும். முதல் நாளே சேவியர் ஆபீசுக்குக் கிளம்பி, “வரேன்” என்றார். பூட்ட வேண்டிய கதவு ஆவென்று வாயைத் திறந்தது.

“போறேன்னு சொல்லுங்க” என்றேன்.

“காலங்காத்தால வாசல்ல நின்னு ‘போறேன்’னு சொல்றதா? உனக்கு நான் வேணுமா, வேணாமா ரோஸி?”

அவர் சொன்னதும் நியாயம்தான். நம் ஊரில் எவர் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுப் படி இறங்குகிறார்? நானே ஒரு நாள் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். நாக்கு எழவில்லை. அந்த ஒரு வாரம் நாங்கள் கிளம்பும்போதெல்லாம் கதவு எங்களை வரவேற்றுக்கொண்டே இருந்தது.

விடுவேனா? நிரலை மாற்றி எழுதினேன். உள்ளே யாராவது ‘போயிட்டு வரேன்’ என்றால் ஓர் ஆள் வெளியேறியதாகக் கணக்கு. நாங்கள் மூன்று பேர். மூன்றாவது ‘போயிட்டு வரேன்’ கேட்டதும் வீடு காலி. தாழ்ப்பாள் விழும். அதற்குப் பிறகு உள்ளே நடமாட்டம் இருந்தால் அது திருடன்தான். திருடனுக்கு எதற்கு உள்ளேயிருந்து கதவு திறக்க வேண்டும்? ஆகவே வெளியேயிருந்து எங்கள் மூவரில் ஒருவர் ‘வந்துட்டேன்’ என்று சொந்தக் குரலில் சொன்னால் மட்டுமே திறக்கும். கரன்ட் போனாலும் பாட்டரியில் ஓடும். பாட்டரியும் போனால் தாழ்ப்பாள் விழுந்தது விழுந்தபடி கிடக்கும். எதையும் விடவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

அன்று காலை ஆறரைக்குச் சேவியர் ஆவடிக்குக் கிளம்பினார். “போயிட்டு வரேன்.” ஒன்று.

எட்டு மணிக்கு, வண்டியை வெளியே எடுத்து வைக்கலாம் என்று நான் கீழே இறங்கினேன். இறங்கும்போது, “ஜெனி, கீழ போயிட்டு வரேன், நீ ஷூ போடு” என்றேன். இரண்டு.

ஜெனி ஷூ போட்டுக்கொண்டே அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் ஜெபம் செய்து வாழ்த்தினார். என் மகள் நல்ல பிள்ளையாக, “தேங்க்ஸ்ப்பா, போயிட்டு வரேன்ப்பா” என்றாள்.

மூன்று.

கீழே நான் ஹாரன் அடித்தேன். பதில் இல்லை. இன்னொரு முறை அடித்தேன். பால்கனியிலிருந்து ஜெனியின் தலை எட்டிப் பார்த்தது.

“அம்மா, கதவு திறக்கலை.”

“இழுத்துப் பாரு!”

“இழுத்தா திருடன்ங்குதும்மா!”

இரண்டு மாடியை எப்படி ஏறினேன் என்று தெரியாது. கதவின் முன் நின்று, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, “வந்துட்டேன்!” என்று கத்தினேன்.

ஸ்பீக்கரில் என் குரலே தேன் ஒழுகப் பேசியது. “மன்னிக்கணும், நீங்க யாருன்னு தெரியலையே. அப்புறமா வாங்க.”

அந்தக் குரலைப் பதிவு செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பள்ளி ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசிப்பவள் போல, நிறுத்தி நிதானமாக, நாற்பது முறை ‘வந்துட்டேன்’ சொல்லியிருந்தேன். கதவுக்குத் தெரிந்த ரோஸி அவள்தான். மூச்சிரைத்துக்கொண்டு நிற்கும் இந்த ரோஸியை அது எங்கே பார்த்தது?

“வந்துட்டேன்!” இரண்டாவது முறை. தெரியாதாம்.

“அம்மா, சாதாரணமா பேசும்மா!” உள்ளேயிருந்து ஜெனி.

“இதுதாண்டி என் சாதாரணம்!”

“தெரியும். கதவுகிட்ட பேசின மாதிரி பேசு. என்கிட்ட நீ அப்படி ஒரு நாள்கூடப் பேசினதில்லையேம்மா.”

அது சுருக்கென்று தைத்தது. ஆனால் வருத்தப்பட நேரமில்லை. கண்ணை மூடி, புன்னகையை வரவழைத்து, “வந்... துட்டேன்” என்றேன். அழுகையும் சிரிப்புமாக ஏதோ வந்தது. மூன்று முறை தவறினால் என்ன நடக்கும் என்பதையும் நான்தானே எழுதியிருந்தேன்? “திருடன்! திருடன்! எல்லாரும் ஓடி வாங்க!” என்று மாடிப்படி முழுக்க என் குரல் அலறியது.

எல்லாரும் ஓடி வந்தார்கள். எதிர்வீட்டு லலிதா அக்கா கையில் பூரிக்கட்டையோடு வந்தார். வாட்ச்மேன் முனுசாமி அண்ணன் தடியோடு வந்தார்.

“எங்கம்மா கீறான்?”

“திருடன் இல்லைண்ணே. உள்ள ஜெனிதான் இருக்கா.”

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நம்ம பாப்பாவா? அது எப்பம்மா இந்த லைனுக்கு வந்துச்சு?”

“அண்ணே, அவளுக்குப் பத்து மணிக்குப் பரீட்சை!”

அவர் முகம் மாறியது. “இன்னாம்மா நீ, அத்த மொதல்ல சொல்றதில்லையா? நம்ம டில்லிபாபு கீறான், கார்பெண்டர். எப்பேர்ப்பட்ட கதவா இருந்தாலும் அஞ்சு நிமிசத்துல தொறந்துடுவான்” என்று போன் போட்டார். “வந்துகினே கீறானாம். பத்தே நிமிசம்.”

நான் சேவியருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். “வந்துட்டேன்னு சொல்லுங்க!”

“நான் ஆவடில இருக்கேன்.”

“தெரியும்! சும்மா சொல்லுங்க!”

“வந்துட்டேன்” என்றார் மனுஷர் குழப்பமாக. கதவு மசியவில்லை. போன் வழியாக வரும் குரலை நம்பாதே என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தேன். (எந்தத் திருடனும் இவ்வளவு யோசித்திருக்க மாட்டான்.) “ரோஸி, நான் வந்துட்டேன்னு சொல்லணுமா, இல்ல நிஜமாவே வரணுமா?” என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டேன்.

மணி எட்டு முப்பத்தைந்து. கார்பெண்டர் வரவில்லை. முனுசாமி அண்ணன் போன் போட்டால், “தெரு முனை திரும்பிக்கினே கீறேன்” என்றாராம்.

ஆனால் ஒன்று மட்டும் தீர்மானமாகத் தெரிந்தது. இந்தப் பெண் பத்து மணிக்குப் பரீட்சை எழுதுவாள். பூட்டைச் செய்தவள் நான். கழற்றத் தெரிந்தவளும் நான். நடுவில் ஒரு கதவுதான் இருக்கிறது. ஜெனியின் கை இனி என் கை.

அதிலும் ஒரு சிக்கல். என் ஸ்க்ரூ டிரைவர்களை யாரும் தொடக் கூடாது என்று அலமாரியில் பூட்டி, சாவியைக் கைப்பையில் வைத்திருந்தேன். கைப்பை என்னோடு வெளியே. கதவின் அடியில் தள்ளலாம் என்றால், கரப்பான் வராமலிருக்க ரப்பர் பட்டை ஒட்டியிருந்தவளும் நானே.

மறுபடி கீழே ஓடினேன். கீரைக்காரம்மாவுக்காக இறக்கும் பிளாஸ்டிக் கூடையைக் கயிற்றில் கட்டி ஜெனி பால்கனியிலிருந்து இறக்கினாள். அதில் சாவியைப் போட்டேன். மறுபடி மேலே ஓடினேன். என் முழங்கால்கள் அன்றைய தினத்தை இன்னும் மன்னிக்கவில்லை.

“மூடியைக் கழட்டிட்டேன்மா. உள்ள ஒரே வயரா இருக்கு. எதை எடுக்கணும்?”

மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள். ஒவ்வொரு வயரும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். பச்சையைத் தொடாதே, மஞ்சளை மெதுவாக எடு, கறுப்பை மாற்றி இழுத்தால் அந்தச் சின்ன கம்ப்யூட்டர் செத்துவிடும். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். மணி எட்டு ஐம்பது.

“எல்லாத்தையும் பிடுங்கு” என்றேன்.

“நிஜமாவாம்மா?”

“பிடுங்குடி!”

சின்னதாக ‘பட்’ என்று ஒரு சத்தம். ஸ்பீக்கரில் நான், “மன்னிக்க...” என்று ஆரம்பித்து அடங்கினேன்.

“இப்போ வெள்ளைப் பல்சக்கரம் தெரியுதா? அதை ஸ்க்ரூ டிரைவரால நெம்பிச் சுத்து. கடிகாரம் சுத்துறதுக்கு எதிர்ப்பக்கம்.”

“எந்தக் கடிகாரம்மா? நம்ம வீட்ல முள்ளே கிடையாதே!”

“ஊறுகா பாட்டில் திறக்குற பக்கம்!” என்று கத்தியது லலிதா அக்கா. வாழ்நாள் முழுக்க அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கிர்ர், கிர்ர் என்று சத்தம். ஜெனி முனகுவது கேட்டது. எட்டு ஐம்பத்தெட்டுக்குத் தாழ்ப்பாள் விலகியது. சீருடையில் கிரீஸ் கறையோடு என் மகள் வெளியே வந்தாள். கட்டிப்பிடிக்கப் போனேன். “அப்புறம்மா, வண்டியை எடு” என்றாள்.

பூட்டே இல்லாத வீட்டை லலிதா அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினோம். வாசலில் நாற்காலி போட்டு, பூரிக்கட்டையை மடியில் வைத்து அவர் உட்கார்ந்துகொண்டார். வழியில் லாரிகளுக்கு நடுவே நான் வண்டி ஓட்டியதை என் ஆபீசில் யாராவது பார்த்திருந்தால், தரப் பரிசோதனையிலிருந்து என்னை எடுத்திருப்பார்கள். ஒன்பது நாற்பத்து மூன்றுக்குப் பள்ளி வாசல். ஜெனி திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். நான் எதிரே ஒரு வேப்பமரத்தடியில் மூன்றரை மணி நேரம் நின்றேன். அவளுக்குக் கை நடுங்கியிருக்குமோ, படித்ததெல்லாம் மறந்திருக்குமோ என்று எண்ணி எண்ணி எனக்குத்தான் எல்லாம் மறந்தது.

வெளியே வந்தவள் சிரித்தாள். “ஈஸிம்மா. காலையிலயே ஒரு ப்ராக்டிகல் முடிச்சுட்டுத்தானே வந்தேன்.”

அப்போதுதான் அழுதேன். சாலையோரத்தில், ஹெல்மெட்டோடு.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டரை. கதவு விரியத் திறந்து கிடந்தது. லலிதா அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் கனத்த காலடிச் சத்தம் கேட்டது. தோளில் பை, கையில் உளி, காதில் பென்சிலோடு ஒருவர் வந்து நின்றார். கார்பெண்டர் டில்லிபாபு. திறந்த கதவை மேலும் கீழும் பார்த்தார். பரீட்சையே முடிந்துவிட்டது என்று சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஓர் ஏமாற்றம். எல்லாம் முடிந்த பிறகு உதவிக்கு வந்து நிற்பவர்களைப் பார்த்தால் இன்றும் ஜெனியும் அவள் அப்பாவும் ஒரே குரலில் சொல்லிச் சிரிப்பது, அவர் அப்போது சொன்னதைத்தான்:

“இம்மாந்தூரம் வந்துட்டேன்மா. ஒரே ஒரு தபா பூட்டுங்க, தொறந்து குட்த்துட்டுப் போறேன்.”