துவைத்த சட்டைகளின் மேல் சந்தேகம்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கிற தணிக்கை ஆபீஸ் ஐயாவுக்கும் என் வணக்கம்.

மாமா போன பிறகு தனியாகக் கிடக்காதே, வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்துவிடு என்று எழுதியிருந்தாய். நான் எங்கேடா தனியாக இருக்கிறேன்? என்னைக் கண்காணிக்க சர்க்காரே ஆள் போட்டிருக்கிறது! உன் மாமா சட்டைகளைத் தினமும் துவைத்துக் கொடியில் போடுகிறேன் இல்லையா, இந்த யுத்த காலத்தில் அது எதிரி விமானத்துக்கு ஜாடையாம். இன்ஸ்பெக்டர் வந்து, "நேத்து நீலம் முதல்ல, இன்னிக்கு வெள்ளை முதல்ல, ஏன்?" என்றார். "கைக்கு வந்தபடி போட்டேன் சார்." "யாரு போடுற சட்டை?" "இப்ப யாரும் போடறதில்ல." "அப்புறம் எதுக்குத் துவைக்கறே?" "வேற என்ன செய்யறதுன்னு தெரியல சார்." பதில் சந்தேகமாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே தொப்பி போட்ட ஒருத்தன் எதிர் சலூனில் வந்து உட்கார்ந்துவிட்டான். வேவு பார்க்கிறது யாருக்கும் தெரியக் கூடாது என்று தினமும் சவரம் செய்துகொள்கிறான், கன்னத்தில் இனி தோல்தான் பாக்கி. முந்தாநாள் நான் கண் அசந்த நேரம் மழை வந்துவிட்டது. கதவைத் தட்டுகிறான், கை நிறைய சட்டை! "துணி நனையுதுக்கா, கவனிக்கறதில்லையா?" "அதான் நீ கவனிக்கறியே!" என்றேன். நீலச் சட்டையில் பட்டன் தொங்குவதையும் அவன்தான் சொன்னான். இவ்வளவு அக்கறை சொந்தத்தில் யாருக்கு இருக்கிறது, சொல்லு?

போன கடிதத்தை ஜன்னல் ஜன்னலாக வெட்டியிருந்தார்கள் என்றாயே, ரயில் நேரமும் ஆஸ்பத்திரி பெயரும்தான் போயிருக்கும். அவர் செத்துப்போனார் என்ற வரியை மட்டும் விட்டுவிட்டார்கள். அதை வெட்டியிருக்கலாம்.

ஆகையால் என்னை அழைத்துப்போக நீ வராதே. குழந்தைகளுக்கு என் முத்தம், உன் பெண்டாட்டிக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது தொப்பிக்காரன் வந்தான். "அக்கா, உங்க மேல குத்தம் ஒண்ணுமில்லேன்னு முடிவாயிடுச்சு! நாளையிலேர்ந்து எனக்கு வேற தெரு" என்றான். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று ஓடி வந்திருக்கிறான், பாவம். "இன்னும் கொஞ்ச நாள் சந்தேகப்படக் கூடாதாப்பா?" என்றேன். "நானும் கேட்டுப் பாத்தேன்க்கா, முடியாதுன்னுட்டாங்க."

மேலே எழுதினதை எல்லாம் நீயே அடித்துவிடு தம்பி. வண்டி எடுத்துக்கொண்டு சீக்கிரம் வா.