நோட்டீஸ் டீச்சர் எனக்குப் போட்ட மார்க்

போன வாரம் தேனி கடைத்தெருவில் ஓர் ஆட்டோ, "அரிய வாய்ப்பு, அரிய வாய்ப்பு" என்று ஒலிபெருக்கியின் தொண்டையைக் கிழித்துக்கொண்டு போனது. பின்சீட்டிலிருந்து ரோஸ், மஞ்சள், பச்சை என்று தாள்கள் பறந்தன. ஒன்று என் செருப்பில் வந்து ஒட்டியது. குனிந்து எடுத்தேன். காயாத மையின் வாசம். அது மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் கை தானாகச் சட்டைப்பையில் சிவப்புப் பேனாவைத் தேடியது.

சாமிக்குப் பயந்தவர்கள் உண்டு, போலீசுக்குப் பயந்தவர்கள் உண்டு. போடியிலிருந்து பெரியகுளம் வரை நோட்டீஸ் அடித்தவர்கள் எல்லாரும் பயந்தது ஒரே ஓர் ஆளுக்குத்தான். எங்கள் நோட்டீஸ் டீச்சருக்கு.

அவருக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் குடியிருந்தது. நாங்கள் இருவரும் வேலை பார்த்தது, பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்கான ஒரு மாலை நேர டுடோரியலில். கீழே மிளகாய் வத்தல் குடோன், மேலே நாங்கள். டீச்சர் தமிழ். நான் கணக்கு. நான் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. டீச்சரோ அந்தக் கட்டடத்துக்கே மூத்தவர் போலத் தெரிந்தார். ஒல்லி உடம்பு, கயிறு கட்டிய கண்ணாடி, தோளில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. பை நிறைய நோட்டீஸ். மூட்டு வலித் தைலம், முடி வளரும் எண்ணெய், ஆடித் தள்ளுபடி, கோயில் கொடை, காது குத்து. மழைக்காலத்தில் அந்தப் பையைப் பிழிந்தால் ஏழு வண்ணத்தில் சாயம் இறங்கும்.

படித்துப் புரிந்துகொள்ளும் பரீட்சைக்கு எல்லா ஊரிலும் பாடப்புத்தகத்திலிருந்து ஒரு பத்தியைக் கொடுப்பார்கள். டீச்சர் நோட்டீஸைத்தான் கொடுப்பார். ஏன் என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

"பொஸ்தகத்துல இருக்குற பத்தி யாரையும் ஏமாத்தாது தம்பி. ஏமாத்தாததப் படிக்க எதுக்குப் பரீட்சை?"

கேள்விகள் மூன்றே மூன்று. யார் சொல்றாக? நம்மள என்ன செய்யச் சொல்றாக? சொல்லாம விட்டது என்ன? மூன்றாவதுக்குத்தான் மார்க் அதிகம். பத்துக்கு மூன்றரை வந்தால் பாஸ்.

வகுப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் 'சுத்தமான பசும்பால் டீ' என்று பலகை இருக்கும். டீச்சர் கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "யாரு சொல்றாக? கடைக்காரர். என்ன செய்யச் சொல்றாக? குடிக்கச் சொல்றாக. விட்டது என்ன? தண்ணி. ரெண்டு மார்க்கு." கடைக்காரர் அவருக்கு மட்டும் தனியாகப் பால் காய்ச்ச ஆரம்பித்தார். கல்யாணப் பத்திரிகை வந்தால், 'எந்த பஸ்ஸில் வரணும், எந்த ஸ்டாப்பில் இறங்கணும் என்பதை விட்டுவிட்டீர்கள்' என்று சிவப்பில் எழுதி மார்க்கும் போட்டு, அதையே மொய்க் கவருக்குள் வைத்துக் கொடுத்துவிடுவார். கெங்குவார்பட்டியில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா மேடையிலேயே கவரைப் பிரித்து, "நாலு மார்க்கு போட்டிருக்காக, பாஸு!" என்று கத்தியதை நான் கண்ணால் பார்த்தேன்.

வார்டுத் தேர்தலில் நின்ற ஒருவர் டீச்சரிடம் நோட்டீஸ் கொடுத்துக் கும்பிட்டார். அங்கேயே நிற்கவைத்துத் திருத்தி, மூன்று போட்டுத் திருப்பிக் கொடுத்தார் டீச்சர். மறுநாள் மனிதர் புது நோட்டீஸ் அடித்துக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "இப்பப் பாருங்க டீச்சர், எந்த வருசம் சாக்கடை கட்டுவேன்னு போட்டிருக்கேன்." நான்கு மார்க். டீச்சரிடம் பாஸானவர் ஓட்டில் பெயிலானார்.

இப்படிப்பட்டவரின் வகுப்புக்குத்தான் நான் சேர்ந்த வருடமே ஆபத்து வந்தது. கரஸ்பாண்டன்ட் ஐயா, டுடோரியலின் சொந்தக்காரர், மாடியேறி வந்து சொன்னார்: "புதுசா இருபது பேரு சேரணும். இல்லையின்னா மாலை பேட்ச் கிடையாது. இந்த ரூமைக் குடோனுக்கே விட்டுருவேன்." சொல்லிவிட்டு நான்கு தும்மல் தும்மினார். வத்தல் நெடி முதலாளி, தொழிலாளி பார்ப்பதில்லை.

அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குப் பகலில் நேரம் கிடையாது. பாண்டியம்மாளையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது தாண்டியவர். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. விரலெல்லாம் ஏலக்காய் மணக்க பஸ் பிடித்து வருவார். பத்தாவது முடித்தால் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு மனுப் போடலாம் என்பது அவர் கணக்கு. மாலை பேட்ச் போனால் அந்தக் கணக்கும் போகும்.

ஐயா கட்டுக்கட்டாக நோட்டீஸ் அடித்து வந்து இறக்கினார். ஒரு பக்கம் மட்டும் அச்சு. 'முழுத் தேர்ச்சி உறுதி! காற்றோட்டமான வகுப்பறைகள்! அனுபவம் மிக்க ஆசிரியர்கள்!' கூடவே கழுத்தில் டை கட்டிய நான்கு பேர் சிரிக்கிற படம். "நாளைக்குப் பஸ் ஸ்டாண்டுல கொடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர் ஒன்றை எடுத்து முகர்ந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"டீச்சர், வேண்டாம்."

"இன்னைக்கு மாசப் பரீட்சை தம்பி. இதான் கேள்வித்தாள், எல்லாருக்கும் கொடுங்க."

எழுதினார்கள். ஆனந்தமாக எழுதினார்கள். எழுதி முடித்து, பாண்டியம்மாள் எழுந்து தன் விடையைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஐயா வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

"சொல்பவர், டுடோரியல் முதலாளி. சேரச் சொல்கிறார். விட்டவை: ஜன்னல் ஒன்றுதான், அதைத் திறந்தால் வத்தல் நெடி. போன வருசம் பெயிலானவர்களை விட்டுவிட்டார். கணக்கு சாருக்கு அனுபவம் ஆறு மாசம். படத்தில் டை கட்டிச் சிரிப்பவர்கள் யாரென்று எங்கள் யாருக்கும் தெரியாது."

"யாருன்னு எனக்கும் தெரியாதும்மா. பிரஸ்காரன் போட்டது" என்றார் ஐயா, வாசலிலிருந்து.

பாண்டியம்மாள் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "ஐயா, குத்தம் சொல்லல. மார்க்குக்குத்தான் எழுதுனேன்."

ஐயா டீச்சரைப் பார்த்தார். "ஏம்மா, ஒங்க பொழப்புக்கும் சேத்துத்தானே நோட்டீஸு அடிச்சேன்? இதையெல்லாம் வெளிய சொன்னா எவன் வருவான்?"

டீச்சர் அசரவில்லை. "இந்தா, இங்கன முப்பது பேரு ஒக்காந்திருக்காகளே. நெடி தெரியும், ஜன்னல் தெரியும், பெயிலும் தெரியும். அம்புட்டும் தெரிஞ்சுதானே தெனமும் வர்றாக? ஏன் வர்றாகன்னு நோட்டீஸ்ல ஒரு வரி உண்டா? நீங்க கெட்டதை விட்டதுக்கு நான் மார்க்கு கொறைக்கல ஐயா. நல்லதை விட்டுட்டீகளே, அதுக்குத்தான் கொறைச்சேன்."

அன்றுவரை அந்த மூன்றாவது கேள்வியைக் குற்றம் கண்டுபிடிக்கிற கேள்வி என்றுதான் நான் நினைத்திருந்தேன். விட்டதில் நல்லதும் கிடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஐயா நாற்காலியில் உட்கார்ந்தார். தும்மினார். "சரி, எனக்கு எம்புட்டு?"

"ஒண்ணரை."

ஐயா தலையாட்டியதும், அந்த நோட்டீஸ்களின் வெற்றாகக் கிடந்த பின்பக்கத்தில் ஆளுக்கு ஒரு கட்டாக உட்கார்ந்து கையால் எழுதினோம். இங்கே இருக்கிற குறை ஒன்று, இருந்தும் ஏன் வருகிறேன் என்பது ஒன்று. பாண்டியம்மாள் எழுதினார்: 'தும்மல் வரும். ஆனால் நான் தப்பாகச் சொன்னாலும் இங்கே யாரும் சிரிக்கமாட்டார்கள்.' டீச்சர் மட்டும் கைப்பழக்கத்தில் தன் கட்டு முழுக்கப் பின்பக்கத்தில் அந்த மூன்று கேள்வியையும் எழுதி, கீழே 'மதிப்பெண் பத்து' என்று போட்டுவிட்டார். அதை யாரும் பார்க்கவில்லை. வகுப்பிலிருந்த தேவதானப்பட்டிக்காரர் அவர் ஊர் பஸ்ஸிலும், ஜெயமங்கலத்துக்காரர் அவர் ஊர் பஸ்ஸிலும் கலந்துகட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மாலை மாடிப்படி கொள்ளாத கூட்டம். ஐயாவுக்கு வாயெல்லாம் பல். முதலில் வந்த கண்டக்டர் நோட்டீஸை நீட்டினார். பின்பக்கம் முழுக்க அவர் கையெழுத்து.

"மூணு கேள்விக்கும் எழுதிருக்கேன். எம்புட்டு மார்க்குன்னு போட்டா நான் டூட்டிக்குப் போவேன்."

அவருக்குப் பின்னால் ஒரு பூக்காரம்மா. "எனக்கு எழுத வராது. வாயால சொல்றேன், போடுவாகளா?"

வந்தவர்களில் பாதிப் பேர் சேர வரவில்லை, மார்க் வாங்க வந்திருந்தார்கள். டீச்சர் ஒருவரையும் விடாமல் திருத்தினார். பெயிலானவர்களிடம், "பரவால்ல, நாளைக்கு வாங்க, சொல்லித் தாரேன்" என்றார். பாஸானவர்களிடம், "இம்புட்டு மூளைய வச்சுக்கிட்டு வெளிய நின்னா எப்பிடி?" என்றார். அந்த வாரம் முடிவதற்குள் இருபத்து மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள். பூக்காரம்மா முதல் பெஞ்ச். மாலை பேட்ச் பிழைத்தது. அந்த வருடம் பாண்டியம்மாள் பாஸ். மனுவும் போட்டார்.

மூன்று வருடம் கழித்து டீச்சர் மலைக்கு அந்தப் பக்கம் கட்டப்பனையில் இருந்த மகள் வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவானது. பிரிவு விழாவுக்கு வாழ்த்து மடல் எழுதுகிற வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் விடுவேனா? 'தமிழ்க் கடலே, அறிவு மலையே, வைகையின் வற்றாத ஊற்றே' என்று பொங்கித் தள்ளினேன். பூ பார்டர் போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் உரக்க வாசித்தேன். கைதட்டல் அடங்கியதும் டீச்சர் சட்டத்தை வாங்கிக் கவிழ்த்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். பின்பக்க அட்டையில் எழுதினார்: மூன்று. என் ஆயுளில் நான் தமிழில் பெயிலானது அன்று ஒரு நாள்தான்.

கட்டப்பனைக்குப் போக அவரைக் குமுளி பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"கோவமா தம்பி?"

"கோவமெல்லாம் இல்ல. அரை மார்க்குல கவுத்துட்டீகளே!"

"கடலுங்கிறீக, மலைங்கிறீக. யாரு சொல்றாகன்னே தெரியலையே? இதை எந்த டீச்சருக்கும் வாசிக்கலாம். விட்டது என்ன?"

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். என்ஜின் உறுமியது. எனக்குக் கடலும் வரவில்லை, மலையும் வரவில்லை.

"நாளைக்கு அந்த மாடிப்படி ஏற எனக்குக் காலு வராது டீச்சர்" என்றேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். நிதானமாகச் சட்டத்தைக் கவிழ்த்து, மூன்றை அடித்துவிட்டுப் பக்கத்தில் எட்டு போட்டார். பஸ் நகர்ந்தது. நானும் கூடவே நடந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னார்:

"வாயாலதானே சொன்னீக? எழுதிக் கொண்டாங்க, மிச்சம் ரெண்டையும் போடுறேன்."