ரொட்டிக் காய்ச்சல்

சத்தியநேசன் வாத்தியார் எந்த முடிவு எடுத்தாலும் அதை ஆண்டவரிடம் சொல்லிவிடுவார். ஆண்டவரிடம் சொன்னதை மனைவி தேவகிருபை மறுக்க முடியாது என்பது அவருடைய கணக்கு. அன்று மாலை குடும்ப ஜெபத்தில் முழங்காலிட்டு, "கர்த்தாவே, ராஜபாளையத்து முதலாளி வேலை கொடுக்கும் நாள்வரைக்கும் இந்த வாசற்படிக்குள் ஜெபத்தைத் தவிர வேறெதற்கும் தமிழ் பேசமாட்டோம். பிரெஞ்சு மட்டுமே பேசுவோம். இது எங்கள் பொருத்தனை" என்று உரக்கச் சொன்னார்.

"ஆமென்" என்றாள் தேவகிருபை. முணுமுணுப்பே இல்லாமல் வந்த அந்த ஆமெனைக் கேட்டதும் அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் காரணம் பயம்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் அந்த வருஷத்தோடு அவர் வகுப்பையே மூடிவிடப் போவதாகப் பேச்சு. அந்த நேரம் பார்த்து, ராஜபாளையத்துப் பருத்தி வியாபாரி சுந்தரபாண்டியன் தன் மகளைப் புதுச்சேரியில் கொடுக்க நிச்சயம் பண்ணியிருந்தார். மாப்பிள்ளை வீட்டில் மாடுகூடப் பிரெஞ்சில்தான் கத்துமாம். மகளுக்கு அந்தப் பாஷையைச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்.

சத்தியநேசன் சின்ன வயசில் புதுச்சேரி மாமா வீட்டில் ஒரு வருஷம் இருந்தவர். பிரெஞ்சுப் பாலபாடத்தில் முன்பாதி தெரியும். பின்பாதியை எலி தின்றுவிட்டது. இலக்கணம் என்றால் காத தூரம் ஓடுவார். ஆகவே, இலக்கணமே வேண்டாத புது முறை ஒன்று சீமையில் வந்திருப்பதாக முதலாளியிடம் அளந்தார். பொருளைக் காட்டிப் பெயரைச் சொன்னால் போதும். எழு என்றால் எழ வேண்டும், உட்கார் என்றால் உட்கார வேண்டும். குழந்தை தாயிடம் பேச்சுப் படிக்கிற மாதிரி தானாக வந்துவிடும் என்றார். முதலாளி லேசில் மசிகிற ஆள் இல்லை. முதலில் உம்ம வீட்டில் யாருக்காவது சொல்லிக்கொடும், ஒரு மாசம் கழித்து வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் தேவகிருபையை விட்டால் வேறு யார்? விஷயத்தைச் சொன்னபோது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "பொம்பளைப் பிள்ளைக்கா?" ஆமாம் என்றார்.

பாடம் ஆரம்பமானது. வாத்தியார் விளக்கைக் காட்டி, "கெஸ் கெ ஸே?" என்பார். இது என்ன என்று அர்த்தம். அவள் பெயரைச் சொல்ல வேண்டும். எதையும் பிரெஞ்சில் கேட்டால்தான் கிடைக்கும் என்பதும் சட்டம். சட்டம் போட்ட கையோடு சாப்பிட உட்கார்ந்தார் வாத்தியார். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் விரலை நீட்டினார்.

தேவகிருபை குழம்புச் சட்டியைக் காட்டி, "கெஸ் கெ ஸே?" என்றாள்.

வாத்தியார் விழித்தார். எலி விட்டுவைத்த பாதியில் குழம்பும் இல்லை, ரசமும் இல்லை, துவையலும் இல்லை. இருந்தது ரொட்டி ஒன்றுதான். அதற்குப் பிரெஞ்சில் 'பேன்' என்று பெயர். முதல் தடவை அவர் அதைக் கேட்டபோது தேவகிருபை சீப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். பிறகு புரிந்துகொண்டு, தினமும் கடைத்தெருவிலிருந்து ரொட்டி வாங்கி வைத்தாள். அவர் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்ன, எதிரே அவள் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டாள்.

பேச வேண்டியதையெல்லாம் அவள் ஜெபத்தில் வைத்துக்கொண்டாள். "கர்த்தாவே, விறகு தீர்ந்துபோயிற்று என்பதை உமது அடியானுக்கு உணர்த்தும்" என்பாள். அவரும் ஆமென் போட்டுவிட்டு விறகுக்கடைக்குப் போவார். ஒரு நாள் அவரும் துணிந்து, "கர்த்தாவே, அடியேன் கருவாட்டுக் குழம்பை வாஞ்சிக்கிறேன்" என்று ஜெபித்துப் பார்த்தார். அடுத்து அவள் ஜெபித்தாள். "தகப்பனே, அப்பத்தோடு திருப்தியாகிற மனசை என் புருஷனுக்குத் தாரும். ஆமென்."

அந்த ஊரில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் ஆகாரம். திடமாக இருக்கிறவன் ரொட்டி வாங்கி யாரும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏட்டி, வாத்தியாருக்குக் காய்ச்சலா?" என்று கேட்டாள்.

"அவிய ரொட்டிதான் கேக்காவ, வேற ஒண்ணும் எறங்கல" என்றாள் தேவகிருபை. கொல்லை வாசற்படிக்கு வெளியே இருந்ததால் அங்கே தமிழுக்குத் தடையில்லை. சொன்னதிலும் பொய் இல்லை.

பெத்தம்மாள் பதறிப்போய் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து நலம் விசாரித்தாள். பொருத்தனைக்குக் கட்டுப்பட்ட சத்தியநேசன், தான் சௌக்கியமாக இருப்பதை அழகான பிரெஞ்சில் எடுத்துச் சொன்னார். வாத்தியாருக்கு ஜன்னி கண்டுவிட்டது என்ற செய்தி மறுநாளே ராஜபாளையம் போய்ச் சேர்ந்தது.

சுந்தரபாண்டியன் சாத்துக்குடியும் கையுமாக வந்து இறங்கினார். கெடுவுக்கு இன்னும் நாள் இருந்தது. சத்தியநேசன் மனசுக்குள் கணக்குப் போட்டார். இந்தச் சமயத்தில் ஒரு வார்த்தை தமிழ் பேசினால் பொருத்தனையும் போச்சு, புது முறையும் போச்சு, வேலையும் போச்சு. அவர் பிரெஞ்சில் வரவேற்க, முதலாளி இரண்டடி பின்வாங்கினார்.

தேவகிருபைதான் அமைதியாக முன்னே வந்து உட்கார்ந்தாள். வாத்தியார் எழு என்றார், எழுந்தாள். நட என்றார், நடந்தாள். கதவைத் திற, மூடு, உட்கார் என்று வரிசையாகச் சொன்னார். ஒன்றிலும் அவள் தவறவில்லை. விளக்கு, தண்ணீர், நாற்காலி எல்லாவற்றுக்கும் பெயர் சொன்னாள். முதலாளி வாய்பிளந்து பார்த்தார். வாத்தியாருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

பிறகு முதலாளியின் முகம் சுருங்கியது. "ஏன் வாத்தியாரே, எம் மகளையும் இப்படித்தான் எந்திரி, உக்காரு, நடன்னு சொல்லுவீரோ?"

"வி, வி" என்று சத்தியநேசன் மகிழ்ச்சியாகத் தலையாட்டினார். ஆமாம், ஆமாம் என்று அதற்கு அர்த்தம். அந்தத் தலையாட்டலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"நிச்சயமான பிள்ளையை அந்நிய ஆம்பளை முன்னால நடக்கவிட்டுப் பாக்கச் சொல்லுதீரா? சம்பந்தி காதுல விழுந்தா என் மானம் என்னாகும்?" என்று முதலாளி சாத்துக்குடியைக்கூடத் திரும்ப எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

தேவகிருபை பின்னாலேயே போய் வாசற்படியைத் தாண்டி நின்றாள். "முதலாளி, நான் வந்து சொல்லிக்கொடுக்கேன். பொம்பளைக்குப் பொம்பளை, யாரு என்ன சொல்லப்போறா?"

"வாத்தியாரு?"

"அவியதான் காய்ச்சல்ல கெடக்காவளே. அம்புட்டுப் பாடமும் எனக்குத் தெரியும்."

உள்ளே நின்ற சத்தியநேசன் எனக்குக் காய்ச்சல் இல்லை என்று கத்தத் துடித்தார். காய்ச்சலுக்குப் பிரெஞ்சு தெரியவில்லை. அதற்குள் பேச்சு முடிந்து, சாத்துக்குடி தேவகிருபை கைக்கு வந்துவிட்டது.

ஒரு விதத்தில் அவருக்கு நிம்மதிதான். குடும்பத்துக்கு வேலை கிடைத்துவிட்டது, பொருத்தனையும் தீர்ந்தது. விளக்கு வைத்ததும் அடுப்படியிலிருந்து கருவாட்டு மணம் வந்தது. ஜெபம் முடிந்த மறுநிமிஷம் குழம்பு என்று பச்சைத் தமிழில் கேட்கப்போகிறோம் என்று நாக்கில் நீர் ஊற முழங்காலிட்டார். அன்று தேவகிருபை ஜெபித்தாள். வேலைக்காக ஸ்தோத்திரம் சொன்னாள், முதலாளிக்காக மன்றாடினாள், பெத்தம்மாளுக்காகவும் ஒரு வார்த்தை சொன்னாள். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

"கடைசியாக, கர்த்தாவே, அந்தப் பிள்ளை பாடம் முடிக்கும்வரைக்கும் எனக்கு வாய்ப்பழக்கம் விட்டுப்போகாதபடி, இந்த வீட்டில் தொடர்ந்து பிரெஞ்சு மட்டுமே பேசுவோம் என்று பொருத்தனை பண்ணுகிறோம்."

ஜெபம் எப்போது முடியும் என்றே காத்திருந்த சத்தியநேசன், பழக்கதோஷத்தில் அவளை முந்திக்கொண்டு "ஆமென்" என்று சொல்லிவிட்டார்.