காசியனின் ஸ்கீ ஏன் நின்றது

கிரான்ஸ்பாக்,
பிப்ரவரி 1

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் காசியனுக்கு, குயிரின் எழுதிக்கொள்வது. இங்கே பசுக்கள், உன் தங்கை அஃப்ரா, நான் எல்லோரும் சௌக்கியம். இந்த வரிசை அவள் சொன்னது. லின்ஸில் நீயும் உன் முழங்காலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், தள்ளிப்போட்டால் கை வராது. போன வருடம், வேஷம் கட்டிக்கொண்டு ஓடும் கார்னிவல் பனிச்சறுக்குப் பந்தயத்தில் உன் ஸ்கீ பாதி மலையில் நின்றுபோனதே, அதற்கு உன் வயது காரணமில்லை. நான்தான் காரணம்.

நடந்தது இதுதான். முந்தின நாள் உன் ஸ்கீ பனியில் வழுக்கி ஓட அடியில் மெழுகு போட்டுத் தருகிறேன் என்று வாங்கி நிலவறைக்குக் கொண்டுபோனேன். பந்தய மெழுகு கறுப்புக் கட்டி. இடி இடித்தால் காவலுக்கு அஃப்ரா ஜன்னலில் ஏற்றி வைக்கிற, கோயிலில் மந்திரித்த மெழுகுதிரியும் கறுப்பு. இரண்டும் ஒரே பருமன், இரண்டும் ஒரே இழுப்பறையில். மங்கல் பல்பு, வயிற்றில் இரண்டு கிளாஸ் சாராயம். கையில் கிடைத்ததைச் சூடான இஸ்திரிப்பெட்டியில் வைத்து உருக்கி, ஸ்கீயின் அடியில் சொட்டவிட்டு, கோயிலை நினைத்துக்கொண்டே தேய்த்தேன். கோயில் ஏன் ஞாபகம் வந்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் ஊரே பார்த்தது. ஒன்பது வருடமாக முதலாவதாக வந்தவன் நீ, மூன்றாவது வளைவில் தபால்பெட்டி மாதிரி நின்றாய். கோழி வேஷம் போட்டுக்கொண்டு பின்னால் வந்த நம் பாதிரியார் உன் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, "என்ன காசியன், காட்சி பாக்கிறியா?" என்றார்.

"நீங்க போங்க சாமி."

"ஊனுகோல் போதுமா? வேணும்னா என்னோடதையும் தந்துட்டுப் போறேன்."

அன்று சாயங்காலம் சத்திரத்தில் நீ பீரைக்கூடத் தொடவில்லை. "என் காலம் முடிஞ்சுது மாப்ளே, ஸ்கீயை எடுத்து வேலிக்கு முட்டுக் குடு" என்றாய். நான் சிரித்தேன். வருடம் முழுக்க உன்னைக் கோழிக்குப் பின்னால் வந்தவன் என்று கூப்பிட்டேன். நீயும் வெட்கத்தில், இரண்டு காலையும் ஒரே பலகையில் குறுக்காகக் கட்டிக்கொண்டு சறுக்குகிற ஸ்னோபோர்டு கற்றுக்கொள்ளப் போய்விட்டாய்.

ஜூன் மாதம் பெரிய இடி. அஃப்ரா இழுப்பறையைத் திறந்து கறுப்பாக ஒன்றை எடுத்தாள், தீக்குச்சி ஒன்றன்பின் ஒன்றாகக் கிழித்தாள். "ஏங்க, இதுல திரியைக் காணோமே," என்றாள். எனக்கு அந்த நிமிஷமே உன் ஸ்கீ கண்முன் வந்தது. சொன்னேன். "இன்னைக்கே எங்கண்ணனுக்கு எழுதுங்க," என்றாள். அது ஜூன், இது பிப்ரவரி. பேனா கிடைக்கவில்லை.

இப்போது நீ கடிதம் போட்டிருக்கிறாய். பழைய பலகை சரியில்லை, புதிதாக ஸ்னோபோர்டு வாங்கப்போகிறேன், எந்த அளவு வாங்கலாம், கார்னிவல் வாரத்துக்கு ஹோகஷ்டைன் போகலாமா, கிரான்ஸ்பாக் வரலாமா என்று கேட்டிருக்கிறாய். மச்சான், பலகை வாங்காதே. பலகைக்காரர்கள் சரிவின் நடுவில் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பஸ்ஸைத் தவறவிட்ட கல்யாண வீட்டார் மாதிரி இருக்கிறது. மேலே இழுத்துப்போகிற இழுவை லிப்டில் ஸ்கீக்காரன் மலையைப் பார்த்துக்கொண்டு போவான், பலகைக்காரன் பக்கத்தில் இருப்பவனுடைய காதைப் பார்த்துக்கொண்டு போவான். ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும், அவர்கள் பூட்ஸ் மெத்தென்று இருக்கும். நம் பூட்ஸைப் போட்டுக்கொண்டு சத்திரத்துக் கழிப்பறைப் படியில் இறங்குவதே தனிப் பந்தயம்தான்.

ஹோகஷ்டைனில் எண்பது லிப்டாம், எண்பதிலும் வரிசையாம். சூப் குடிக்க முந்தின வாரமே சொல்லி வைக்க வேண்டுமாம், அதிலும் ஒரு பூ மிதக்குமாம். நம் ஊரில் லிப்ட் இரண்டு. ஒன்று ஓடும். லிப்ட்காரன் வாஸ்டல் ரொட்டி தின்னும்போது அதுவும் நிற்கும். ஆனால் பார்லி சூப்பில் பார்லிதான் மிதக்கும், மேஜையில் உன் தங்கை இருப்பாள். நீ வராமல் போனதிலிருந்து உன் நாற்காலியில் நான் கோட்டைக்கூடப் போட அவள் விடுவதில்லை.

உன் ஸ்கீயை வேலிக்கு முட்டுக் கொடுக்கவில்லை. வைக்கோல் பரணில் போர்வை சுற்றி வைத்திருந்தேன். நேற்று இறக்கி, பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, ஓரங்களைத் தீட்டி, இந்தத் தடவை சரியான மெழுகு போட்டேன். ஜூனிலிருந்து அந்தக் கட்டியைத் தனியாகத் தகர டப்பாவில்தான் வைத்திருக்கிறேன், இழுப்பறைப் பக்கமே போகவிடவில்லை. சாராயமும் குடிக்கவில்லை, அஃப்ரா சாட்சி. இன்று காலை தபால் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வந்ததும் எங்கேயும் ஓட்டிப் பார்க்காதே, மெழுகு வீணாகிவிடும். கார்னிவல் ஞாயிறு நேரே பந்தயத்துக்குக் கொண்டு வா. உன் பெயரை நானே எழுதிக்கொடுத்துவிட்டேன். பாதிரியாரிடமும் சொல்லிவிட்டேன். இந்த வருடமும் கோழிதானாம்.

மூன்றாவது வளைவு உன்னை மறுபடி பார்க்க வேண்டும், உன் முழங்கால் அதுவரை கோபித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் தங்கை புருஷன்
குயிரின்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் பிப்ரவரி இரண்டு வந்துவிட்டது. இன்று கோயிலில் மெழுகுதிரி மந்திரிப்பு. எலி கடிக்கக் கூடாதென்று அஃப்ரா புதுக் கறுப்பு மெழுகுதிரியைப் போன வாரமே என்னுடைய அந்தத் தகர டப்பாவில் பத்திரப்படுத்தினாளாம், அதில் கிடந்த கட்டியை இழுப்பறையில் போட்டாளாம். இன்று அவசரத்தில் இழுப்பறையில் இருந்ததை எடுத்துக்கொண்டு போனாள். பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். எல்லோரும் ஏற்றினார்கள். எங்களுடையதில் திரி இல்லை.