இனிக்காத தண்ணீர்

லக் பாஓமர் என்ற யூதப் பண்டிகை வந்தால் எங்கள் நாட்டில் பாதிப் பேர் மெரோன் மலையில் இருப்பார்கள். மீதிப் பேர் மெரோனுக்குப் போகும் சாலையில் மாட்டிக்கொண்டு இருப்பார்கள். மலைமேல் பழங்கால ஞானி ரப்பி ஷிமோனின் சமாதி. அங்கே வருகிற பக்தர்களுக்குப் பதினெட்டு ரோத்தல், அதாவது ஒரு பீப்பாய் நிறைய, பானம் ஊற்றினால் கேட்டது கிடைக்கும் என்பது நம்பிக்கை. கல்யாணமாகாதவனுக்குப் பெண் கிடைக்கும், பிள்ளையில்லாதவனுக்குப் பிள்ளை கிடைக்கும், குடிப்பவனுக்குத் தாகம் தீரும். இந்தக் கடைசிப் பலன் மட்டும் இதுவரை தவறியதே இல்லை.

நானும் போனேன். என் பெயர் அம்ராம். திபேரியாவில் எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். சிரிக்காதீர்கள், இன்னும் கதையே ஆரம்பிக்கவில்லை.

எனக்கும் சிம்ஹாவுக்கும் கல்யாணமாகிப் பல வருஷம், பிள்ளை இல்லை. வெகுநாள் காத்திருந்து, கரு வைப்பதற்கு மறுநாள் காலை மருத்துவமனையில் அவளுக்கு நேரம் கிடைத்திருந்தது. அதற்குமுன் ரப்பியையும் பார்த்துவிடலாம் என்றேன்.

"பார்க்கலாம். ஆனா நாளைக்குக் காலையில நான் ஆஸ்பத்திரியில இருக்கணும்," என்றாள்.

மலையில் மற்ற தண்ணீர்ப் பந்தல்களில் பானத்தை ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு போகவேண்டியதுதான். ரப்பி ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்று தெரியாது. கெதாலியா என்பவரின் பந்தலில் உடனே பதில் கிடைக்கும். அதனால்தான் அங்கே அப்படி ஒரு கூட்டம். அவரிடம் ஒரு பீப்பாய் ஊற்றுத் தண்ணீர் வாங்கி பக்தர்களுக்குக் கொடுக்கவேண்டும். பிறகு வேகவைத்த ஆர்ட்டிசோக் ஒரு துண்டு தருவார். வசந்தத்தில் எங்கள் எல்லா வீட்டிலும் வேகிற முட்செடி மொட்டுதான் அது. வாயில் எதைப் போட்டாலும் முதலில் கடவுளுக்குத் துதி சொல்வது எங்கள் வழக்கம். நீங்கள் துதி சொல்வீர்கள், கூட்டமே "ஆமேன்!" என்று முழங்கும். அந்த முழக்கத்தில், மென்றதை எவன் நினைவில் வைத்துக்கொள்கிறான்? அப்புறம் பீப்பாயிலிருந்து ஒரு குவளை. இனித்தால் ரப்பி ஏற்றுக்கொண்டார். இனிக்காவிட்டால் பாவம் மிச்சம் இருக்கிறது, இன்னொரு பீப்பாய் வாங்கு.

"இனிக்குது! கடவுளே, தேனா இனிக்குது!" என்று கசாப்புக்கடை பின்ஹாஸ் அழுதே விட்டார். மகளுக்கு மாப்பிள்ளை அமையவேண்டும் என்று வந்தவர். சிம்ஹா குடித்தாள். அவளுக்கும் இனித்தது. நான் குடித்தேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

கெதாலியா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன வேலை தம்பி?"

"விஞ்ஞான வாத்தியார்."

"அதான்!" என்றார். கூட்டமும் "அதான்!" என்றது. வெட்கக்கேடு, நானும் மனசுக்குள் "அதான்" என்றேன்.

இன்னொரு பீப்பாய் வாங்கினேன். இன்னொரு துண்டு, இன்னொரு ஆமேன், இன்னொரு குவளை. வெறும் பச்சைத் தண்ணீர். என் உடம்பில் அன்றைக்கு உண்மை பேசியது நாக்கு ஒன்றுதான். அதைத்தான் நான் பாவி என்று முடிவுகட்டினேன்.

"டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வெச்சிருக்கியா?" என்று கெதாலியா காதில் கேட்டார். தலையாட்டினேன். "பாத்தியா! ஒரு பக்கம் டாக்டர், ஒரு பக்கம் ரப்பின்னு நின்னா அவர் கோவிச்சுக்க மாட்டாரா? முதல்ல அதை வேண்டாம்னு சொல்லு. அப்புறம் எப்படி இனிக்குதுன்னு பாரு."

கைபேசியை எடுத்து மருத்துவமனை எண்ணைத் தேடினேன். படித்தவன் அல்லவா, சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் நிற்குமிடத்தில் சிம்ஹா வெயில் தாங்காமல் பீப்பாய்த் தண்ணீரை ஒரு குவளை பிடித்துக் குடித்தாள். குடித்தவள் குவளையைப் பார்த்தாள். கெதாலியாவின் ஆர்ட்டிசோக் தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்ராம், யாருக்குப் போன்?"

"ஆஸ்பத்திரிக்கு... நாளைக்கு வரலைன்னு..."

"என் வயித்தைப் பத்தி என்னைக் கேக்காம போன் பண்றியா?" அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ரப்பியிடம்கூட அவ்வளவு பயம் இல்லை. "அப்போ இனிச்ச அதே பீப்பாய் இப்போ இனிக்கலை. நடுவுல என்ன மாறுச்சு? பசங்களை இதைத்தானே கேக்கச் சொல்ற?"

நான் வாயைத் திறக்குமுன் தடுப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். ஒரு பாட்டிலில் தண்ணீரோடு திரும்பி வந்து பின்ஹாஸிடம் நீட்டினாள்.

"அண்ணா, அந்தத் துண்டைத் தின்னுட்டு இதைக் குடிங்க."

பின்ஹாஸ் துதி சொன்னார். ஆமேன் முழங்கியது. மென்றார், குடித்தார். "அட, இது இன்னும் இனிக்குதே! இது யார் குடுத்த பீப்பாய்?"

"கக்கூஸ் வாசல் குழாய், அண்ணா."

வரிசையில் அடுத்து நின்ற பெண் துண்டைத் தொடாமலே பீப்பாய்த் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள். "சும்மா தண்ணிதான்," என்றாள்.

"இந்த மலையில எந்தத் தண்ணியும் புனிதம்தாம்மா!" என்று கெதாலியா கையை உயர்த்தினார்.

"அப்போ பீப்பாய்க்கு எதுக்குக் காசு வாங்குற?" என்றாள் அந்தப் பெண்.

பின்ஹாஸ் கெதாலியாவின் சட்டையைப் பிடித்தார். "யோவ், என் பொண்ணுக்காக அழுதேன்யா! இந்த மொட்டுக்கா அழுதேன்?" சட்டைக்கையில் பாதி பின்ஹாஸின் கையில் தங்கியது, மீதியோடு கெதாலியா கூட்டத்தில் மறைந்தார்.

அந்த மொட்டின் சாறு பலருடைய நாக்கை ஏய்க்கும், அதன்பின் குடிக்கிற வெறும் தண்ணீரும் இனிக்கும். சிலருடைய நாக்கிடம் பலிக்காது. வீட்டில் அதை எலுமிச்சையும் எண்ணெயும் தொட்டுத் தின்கிறோம், அதனால் யாரும் கவனித்ததில்லை. ஏமாறாத நாக்குக்காரர்களுக்குத்தான் அவர் இரண்டாவது பீப்பாய் விற்றிருக்கிறார்.

மிச்சத் தண்ணீரைச் சிம்ஹா வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றினாள். ஒருவரும் இனிக்கிறதா என்று கேட்கவில்லை. குடித்துவிட்டு, "நல்லா இரும்மா" என்று போனார்கள். நாங்கள் இறங்கும்போது பக்கத்துப் பந்தலில் ஒருவர் எண்ணெயில் முகம் பார்த்துக் குறி சொல்லிக்கொண்டிருந்தார். பின்ஹாஸ் அந்த வரிசையில் நின்றார்.

மறுநாள் காலை மருத்துவமனையில் எனக்கு ஒரு குவளை தண்ணீர் தந்தார்கள். சிம்ஹா கட்டிலில் படுத்தபடியே கேட்டாள்: "எப்படி இருக்கு?"

"தண்ணி மாதிரி இருக்கு."

"தேறிட்டே," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீங்களும் மெரோனுக்குப் போங்கள், தாகத்தோடு வருகிறவனுக்குத் தாராளமாக ஊற்றுங்கள். நாக்குக்கு ஒரு சாண் மேலே கடவுள் இன்னொன்றும் வைத்திருக்கிறார். மலை ஏறும்போது அதை மட்டும் பேருந்திலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.